பிம்பேட்கா: ஐந்து நாள் குறிப்பு

9 ஜனவரி 2025, வியாழன், போபால்

பையில் முதலில் போக வேண்டியது பைனாகுலர். பறவைக்கு இல்லை, பிம்பேட்காவின் பாறைகளில் பழங்காலத்தவர் தீட்டிய ஓவியத்துக்கு. பல உருவங்கள் தலைக்கு மேலே, கழுத்தை அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கின்றன. 8 மடங்கு போதும். ஆனால் 2 அல்லது 3 மீட்டர் தூரத்திலேயே தெளிவு கிடைக்கிறதா என்று கடையில் பார்த்து வாங்க வேண்டும். சிலவற்றில் 5 மீட்டருக்குள் எல்லாம் மங்கல்தான்.

டார்ச் ஒன்று. ஓவியத்தின் மேல் பக்கவாட்டில் டார்ச் அடிப்பது பலர் செய்யும் தவறு. சாய்ந்த ஒளி பாறையின் சொரசொரப்பைத்தான் எடுத்துக் காட்டும், நிறம் அதற்குள் தொலைந்துபோகும். சாய்ந்த ஒளி செதுக்குக்கும் குழிக்கும் உதவும். நிறத்துக்கு வேண்டியது எங்கும் ஒரே சீராகப் பரவும் நிழல் வெளிச்சம்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள செருப்பு, 10 செ.மீ. அளவுகோல் அட்டை. வாசனைத் திரவியம் வேண்டாம், காரணம் நாளைய குறிப்பில்.

பிம்பேட்கா போபாலிலிருந்து தெற்கே சுமார் 45 கி.மீ. நர்மதாபுரம் (பழைய ஹோஷங்காபாத்) பேருந்து ஏறி, ஒபேதுல்லாகஞ்ச் தாண்டி, குகைக்குப் பிரியும் திருப்பத்தில் இறங்கலாம். அங்கிருந்து 3 கி.மீ. சொச்சம் ஏற்றம், ஆட்டோ கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. போக, காத்திருக்க, வர என்று ஒரே காராகப் பேசிவிடுவது மேல். சென்னையிலிருந்து வருபவர்களுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் போபாலில் நிற்கின்றன.

10 ஜனவரி, வெள்ளி

குகை என்ற சொல்லை நம்பி வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இருட்டுச் சுரங்கம், சொட்டும் நீர் எதுவும் இங்கே கிடையாது. விந்தியத்தின் மணற்கல் அரித்துக் கூரைபோல முன்தள்ளி நிற்கிறது. அதன் கீழ் ஒதுங்கலாம், அவ்வளவுதான். வட்டாரம் முழுக்க 700-க்கும் மேற்பட்ட ஒதுக்குகள் உண்டு. பார்வையாளர் பாதையில் எண் போட்டு வைத்திருப்பவை 15. இதைச் சுற்றியுள்ள ரத்தாபானிக் காடு 2024 டிசம்பரில் புலிகள் காப்பகமானது, அதனால் பாதையை விட்டு இறங்குவது வேண்டாத வேலை.

1888-இல் ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. கின்கெய்ட் இந்த இடத்தைப் பௌத்தத் தலம் என்று எழுதினார். ஓவியங்களை உலகுக்குக் காட்டியவர் தொல்லியலாளர் வாகண்கர், 1957-இல். 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

முதல் நாள் ஒரு சுற்று வேகமாகப் போய்வர வேண்டும், படம் எடுக்காமல். எந்தச் சுவரில் எப்போது வெயில் விழுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். நேர்வெயில் படும்போது வெள்ளை உருவம் பாறையோடு கரைந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து நிழல் வந்ததும் அதே சுவரில் மான்கள் எழுந்து நிற்கும்.

அரங்கக் குகை: நாலு திசைக்கும் கிளைவிட்ட சிலுவைபோன்ற அமைப்பு, ஓங்கிய கூரை. ஓவியத்துக்காக இல்லை, பாறையில் குடையப்பட்ட கிண்ணக் குழிகளுக்காக இங்கே நிற்க வேண்டும். டார்ச்சைத் தாழ்வாக, பாறையை உரசுவதுபோல் பிடித்தால் குழியின் விளிம்பு தெரியும்.

கூரையில் தொங்கும் மலைத்தேனீ அடைகள்தான் இங்கே உண்மையான ஆபத்து. புகை, சத்தம், கல்லெறி, வாசனை எதுவும் ஆகாது. இந்தத் தேனீக்கள் நிலவியலாளர்களையே ஏமாற்றியிருக்கின்றன. இதே குகைக் கூரையில் இலைபோன்ற ஒரு தடம் தெரிந்தது. அது 55 கோடி ஆண்டுகள் பழைய டிக்கின்சோனியா என்ற உயிரியின் புதைபடிவம் என்று 2021-இல் ஆய்விதழில் வந்தது. பிறகு வேறொரு குழு போய்ப் பார்த்தபோது தடம் உரிந்துகொண்டிருந்தது. கல்லில் பதிந்த உயிரி உரியாது. பழைய தேன்கூட்டின் மிச்சம்தான் அது என்று 2023-இல் எழுதினார்கள், முதலில் அறிவித்தவரும் ஒப்புக்கொண்டார்.

11 ஜனவரி, சனி

முழு நாளும் ஒரே ஒதுக்கு: 4-ஆம் எண், விலங்குப் பாறை. வழிகாட்டிகள் 10 நிமிடத்தில் முடித்துவிடும் இடம். இதில் எண்ணப்பட்ட உருவங்கள் 453. விலங்குகள் 252, அவற்றில் 16 வகை. மனிதர்கள் 90. இன்னதென்று சொல்ல முடியாதவை 99. ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இத்தனை என்றால் எதை முதலில் பார்ப்பது?

குதிரையேறியவர்களை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். குதிரை, வாள், கேடயம், அலங்கார யானை தென்பட்டால் அது வரலாற்றுக் காலத்துக் கை. நுண்கற்கருவி (மிகச் சிறிய கல் சில்லு) முள் பதித்த ஈட்டியோடு ஓடும் மெலிந்த மனிதர்கள், உடலுக்குள் கருவோ குடலோ தெரிய வரைந்த விலங்குகள் முந்தியவை. இவற்றை ஆய்ந்த மட்பால் இங்குள்ள ஓவியங்களை 9 கட்டங்களாகப் பிரித்தார்: இடைக்கற்காலத்தில் (பழைய, புதிய கற்காலங்களுக்கு இடைப்பட்டது) 5, இடைமாற்றத்தில் 1, வரலாற்றுக் காலத்தில் 3.

அடுத்தது கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம். எந்தக் கோட்டின் விளிம்பு அறுபடாமல் போகிறதோ அது மேலே உள்ளது. சொல்ல எளிது. சிவப்பு காவிக்கல், அதாவது இரும்பு ஆக்சைடு. மிக நுண்ணிய தூள் என்பதால் மணற்கல்லின் துளைகளில் ஊறிக் கறையாகிவிடுகிறது. வெள்ளை தடித்த பூச்சாக மேலே உட்காரும், காய்ந்தால் செதில் செதிலாக விழும். ஆகவே சிவப்பின் மேல் தீட்டிய வெள்ளை உதிர்ந்ததும், அடியிலிருந்த சிவப்பு மேலே இருப்பதுபோல் காட்டும். வெட்டும் இடத்தில் வெள்ளைத் துணுக்கு ஒன்றாவது சிவப்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று பைனாகுலரில் தேட வேண்டும். இருந்தால் வரிசை தலைகீழ்.

நிறத்தை வைத்து வயது சொல்பவர்களை நம்ப வேண்டாம். எல்லாக் காலத்தவரும் இந்த இரண்டையும்தான் அதிகம் குழைத்திருக்கிறார்கள்.

மங்கலான இடத்தில் தண்ணீர் தெளித்தால் நிறம் எழும். பழைய வழக்கம், பாழான வழக்கம். நீர் காயும்போது பாறைக்குள்ளிருக்கும் உப்பை மேலே இழுத்துவந்து வெள்ளைப் படலமாக விட்டுப்போகும், பூச்சையும் தள்ளிவிடும். விரலின் எண்ணெய்ப்பசைக்கும் இதே தடைதான்.

12 ஜனவரி, ஞாயிறு

கூட்டம். 10 மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

15-ஆம் எண், பன்றிப் பாறை. குடைக்காளான்போல் நிற்கும் பாறையில் கொம்பு முளைத்த பெரும்பன்றி ஒரு மனிதனைத் துரத்துகிறது, பக்கத்தில் நண்டு. பாதையின் கடைசியில் இருப்பதால் பலர் வருவதற்குள் களைத்துத் திரும்பிவிடுகிறார்கள். முதலில் இங்கே வந்துவிட்டு எண்களைப் பின்னோக்கிப் போகலாம்.

படம்: ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு), நிற வெப்பத்தைப் பூட்டி, லென்ஸ் துளை எஃப் 8 வாக்கில். ஃபிளாஷ் கூடாது, படிகத் துகள்கள் பளிச்சிட்டு நிறத்தைத் தின்றுவிடும். முக்காலிக்கு முன்அனுமதி தேவை, எனவே ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றிக்கொண்டு, பாறைமேல் சாயாமல், கைமுட்டியை மார்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அளவுகோல் அட்டையை ஓவியத்தின் மேல் சாய்க்கக் கூடாது. கீழே ஓவியமில்லாத இடத்தில், அதே தூரத்தில் வைத்தால் போதும்.

13 ஜனவரி, திங்கள், போபால்

கணினியில் டிஸ்ட்ரெட்ச், மங்கிய ஓவியத்தின் நிறத்தை விரித்துக் காட்டும் மென்பொருள். இமேஜ்ஜே என்ற படச்செயலிக்கு ஜான் ஹார்மன் எழுதிய இணைப்பு. இதில் தேர்ந்தெடுக்க வேண்டியது நிறவெளி: மங்கிய சிவப்புக்கு ஒய்.ஆர்.இ., எல்.ஆர்.இ., இன்னும் மங்கினால் சி.ஆர்.ஜி.பி., கறுப்புக்கு ஒய்.பி.கே. நிறத்தை விரிக்கும் அளவை 15-இல் தொடங்கலாம், ஏற்ற ஏற்ற இரைச்சல்தான் கூடும்.

மென்பொருள் படத்தில் உள்ள நிறங்களின் பரவலைக் கணக்கிட்டுத்தான் அவற்றை விரிக்கிறது. ஓரத்தில் ஒரு பச்சை இலையோ துண்டு வானமோ இருந்தால் கணக்கு அதற்கே போய்விடும், ஓவியம் எழாது. பாறையை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்ட வேண்டும். ஜேபெக் படமென்றால் சுருக்கத்தின் 8×8 கட்டங்களும் சேர்ந்து பெருகும். சதுரம் சதுரமாகச் சிவப்புத் தெரிந்தால் அது ஆதிமனிதன் வரைந்ததில்லை. பாறையில் இயல்பாக ஓடும் இரும்புக் கறையும் சிவப்பாகவே வரும். விளிம்பு மெல்ல மங்கினால் கறை, சட்டென முடிந்தால் தூரிகை என்பது தோராயமான சோதனை.

வயது பற்றி. அரங்கக் குகைக்குப் பக்கத்தில் தொல்லியலாளர் மிஸ்ரா அகழ்ந்த ஒதுக்கில் அடித்தட்டில் அச்சூலியன் (பழங்கற்காலத்தின் முந்திய கட்ட) கோடரிகள் கிடைத்தன. மக்கள் இங்கே ஒதுங்கியது ஒரு லட்சம் ஆண்டுக்கும் முன். ஓவியத்தின் வயது அதுவல்ல. இணையத்தில் இவ்விரண்டும் கலந்தே புழங்குகின்றன. இரும்பு ஆக்சைடில் கரிமம் கிடையாது, கார்பன் கணிப்பை அதன்மேல் நேரடியாகச் செய்ய முடியாது. பச்சை நிறத்தில் நடனமாடும் மனித உருவங்கள் மேல் பழங்கற்காலத்தவை, அதாவது பழங்கற்காலத்தின் கடைசிக் கட்டத்தவை என்றார் வாகண்கர். மட்பாலின் கட்டங்கள் இடைக்கற்காலத்தில்தான் தொடங்குகின்றன.

கோப்புப் பெயர்: ஒதுக்கு எண், தேதி, நேரம், நிறவெளி, அளவு. அசல் ரா கோப்பு தனி வட்டில். 11-ஆம் தேதி 'சிவப்பு மேலே' என்று எழுதிய இடங்களுக்கெல்லாம் எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி. ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, உதிராத வெள்ளைத் துணுக்கு தேட வேண்டும்.