அறுந்துவிடக் கூடாத பாட்டு

பழைய ஒலி, ஒளிப்பதிவுகளை வைத்து நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பாட்டையும் கைவேலைகளையும் ஆராயும் ஒரு திட்டத்தில், வெலிங்டனில் உதவியாளராக இருந்தேன். 1921-ல் வாங்கனூயி ஆற்றங்கரையில் எடுத்த ஊமைப்படத்தைக் காட்சிவாரியாகக் குறிப்பெடுப்பதுதான் முதல் வேலை. டொமினியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்டொனால்ட் படம்பிடித்தது. 1919-க்கும் 1923-க்கும் இடையே அவர் போய்வந்த நான்கு பயணங்களில் அது ஒன்று. விலாங்குப் பறி பின்னுவது, நூல் விளையாட்டு என்று அன்றாடக் காரியங்களைத்தான் பிடித்திருக்கிறார்.

கையால் சுற்றிய கேமரா, நொடிக்குக் குறைவான ஃபிரேம்களே பதிந்திருக்கும். இன்றைய வழக்கப்படி நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டினால் ஊரே பதறிக்கொண்டு திரிவதுபோல் இருக்கும். வேகத்தைக் குறைத்த பிறகுதான் நூல் விளையாட்டில் எந்த விரல் எந்த இழையைத் தூக்குகிறது, எந்த இழை நழுவுகிறது என்று பிடிபட்டது. வேகம் தப்பினால் ஆராய்ச்சியும் தப்பு. அதில் சமரசமே கூடாது.

பாட்டில் இது இன்னும் சிக்கல். அந்தக் காலத்தில் ஒலியைப் பதிந்த மெழுகு உருளையில் இரண்டு முதல் நாலு நிமிடம்தான் பதியும். பதிவுக் கருவியின் குழலுக்கு நேரே வாயை வைத்து ஒருவரோ இருவரோ பாட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாவோரி மரபில் பாட்டு நடுவில் அறுந்தால் அபசகுனம். அதனால் கூட்டமாகப் பாடுகிறவர்கள் சேர்ந்தாற்போல் மூச்சு வாங்க மாட்டார்கள். ஒருவர் மூச்செடுக்கையில் மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். உருளையை மட்டும் கேட்பவருக்கு மூச்சுக்கு விட்ட இடைவெளிதான் காதில் விழும், அதுவே பாணி என்று எழுதிவிடுவார். இசை ஆய்வாளர் மெர்வின் மெக்லீன் 1958-லிருந்து ஊர் ஊராகப் போய்ப் பதிந்த ஒலிநாடாக்களைக் கேட்டால்தான் குரல்கள் ஒன்றையொன்று தாங்குவது தெரியும். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1970-ல் அவர் தொடங்கிய காப்பகத்தில் இவை இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

சரி, கருவி சொல்லாததை யார் சொல்வது? மெக்டொனால்டின் படங்களை 1980-களில் சீர்செய்து அந்தந்த ஊர்களுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். திரையில் இருப்பவர் யாருடைய பாட்டி, யாருடைய தாத்தா என்று வழிவந்தவர்கள் அடையாளம் காட்டினார்கள். அட்டவணையில் ‘மாவோரிப் பெண்’ என்று மட்டும் இருந்தால் அவர் எந்தக் குடும்பம், கையில் இருப்பது எதற்கான பொருள் என்று ஒன்றும் தெரியாது. ஊர்க்காரர்கள் சொன்னால்தான் உண்டு.

இப்படிப்பட்ட பதிவுகள் பலவற்றுக்கு அந்தக் குலத்தாரின் சம்மதம் கேட்க வேண்டும். ஒப்பாரிப் பாடல்களும் வம்சாவளியும் குடும்பச் சொத்து. பதில் வர நாளாகும். ஆய்வு மாணவர்கள் சிலர் இதைத் தாமதம் என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது ஆராய்ச்சியின் பாதி வேலையாகவே பட்டது. பல சமயம் சம்மதத்தோடு கூடவே பாட்டு யாருக்காகக் கட்டப்பட்டது, எந்தச் சாவுக்கு என்ற விவரமும் வந்துசேரும். அதை அப்படியே அட்டவணையில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த உருளையை எடுப்பேன்.