மூன்று, இரண்டு, ஒன்று

"இந்தப் படத்துக்கு யார் யார்? கையைத் தூக்குங்க."

சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் இன்று மாலை பன்னிரண்டு பேர். நான்கு கைகள் எழுந்தன, ஆண்டின் சிறந்த படம் முடிவாகிவிட்டது. பின்வரிசைப் பாட்டி ஒருவர் வேறொரு படத்துக்குப் பாதி தூக்கிய கையை, முன்னால் இருந்தவர்களைப் பார்த்து மெல்ல இறக்கிக்கொண்டார்.

அந்தக் கை இறங்கியிருக்கவே கூடாது.

அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய தேசியத் திரைப்பட விமர்சகர் சங்கம் இதை வாக்குச் சீட்டில் செய்கிறது. ஆளுக்கு மூன்று படம், வரிசைப்படி. முதலாவதுக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. அதிகப் புள்ளி மட்டும் போதாது. பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளில் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுசுற்று.

பன்னிரண்டு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தை நால்வர் முதலாவதாக எழுதுகிறார்கள், வேறு யாரும் சீண்டவில்லை: 12 புள்ளி. இன்னொன்றை மூவர் முதலாவதாகவும் ஐவர் இரண்டாவதாகவும் எழுதுகிறார்கள்: 9ம் 10ம் 19. எட்டுச் சீட்டில் இருக்கிறது. மற்ற ஐவரின் முதலிடம் வெவ்வேறு படங்களுக்குச் சிதறினால், கை தூக்கும்போது முதல் படம் ஜெயிக்கும், சீட்டில் இரண்டாவது. எனக்கு இரண்டாவதுதான் நியாயம்.

சிக்கல் எங்கே வரும்? ஒரே படத்தை எழுதிவிட்டு மற்ற இரண்டு வரியைக் காலியாக விடுவார்கள். போட்டிப் படத்துக்குப் புள்ளி போகாமல் தடுக்கும் வேலை அது. மூன்றும் நிரம்பாத சீட்டு செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் வாசிக்க, ஒருவர் பலகையில் எழுதட்டும். புள்ளிக்கு ஒரு வரிசை, எத்தனை சீட்டில் வந்தது என்பதற்கு இன்னொரு வரிசை. இந்த இரண்டாவதை மறந்தால் எல்லாச் சீட்டையும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

படப் பட்டியலை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். பெரிய எழுத்தில். பாட்டி இன்று கண்ணாடி கொண்டுவரவில்லை.