ஏடிசி தேர்வு: பாதி மார்க் பழைய காலேஜ் நோட்டில் கிடக்கிறது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகள் காதில் முதலில் விழுவது டிஎன்பிஎஸ்சி. அடுத்து எஸ்ஐ, அதற்கடுத்து ரயில்வே. இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தும் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் (ஏர் டிராஃபிக் கன்ட்ரோல், சுருக்கமாக ஏடிசி; விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை) தேர்வு பெரும்பாலும் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வாட்ஸப்பில் வந்து சேரும். ஆயிரம் ரூபாய் கட்டி (பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் கட்டணம் இல்லை) கையில் இருக்கும் டிஎன்பிஎஸ்சி மெட்டீரியலோடு போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2025 அறிவிக்கையில் 309 இடங்கள். விண்ணப்பம் ஏப்ரல் 25-ல் திறந்தது, மே 24-ல் மூடியது, தேர்வு ஜூலை 14. ஆக விண்ணப்பம் திறந்த அன்றே புத்தகத்தைத் திறந்தவருக்கும் 80 நாள்தான் கிடைத்தது. காலேஜ் கணிதமும் இயற்பியலும் மறந்துபோனவருக்கு அது போதாது. அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது மார்க் ஷீட். பி.எஸ்சி. என்றால் அதில் இயற்பியல், கணிதம் இரண்டும் இருக்க வேண்டும். பி.இ. எந்தப் பிரிவானாலும் சரி, ஏதாவது ஒரு செமஸ்டரில் இரண்டையும் படித்திருந்தால் போதும். பி.எஸ்சி. கணிதம் படித்தவர்கள் அலைடு பாடம் இயற்பியலா, புள்ளியியலா என்று எடுத்துப் பாருங்கள். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது கண்ணும் காதும். தேர்வில் ஜெயித்த பிறகு மெடிக்கலில் நிறக்குருடு என்று தெரிந்தால் ஆறு மாத உழைப்பும் வீண். புள்ளிகளுக்கு நடுவே எண் தெரியும் இஷிஹாரா அட்டைச் சோதனை, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக் கண் பிரிவு மாதிரி இடத்தில் பத்து நிமிட வேலை. கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை. ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) மூன்றாம் வகுப்பு மருத்துவ விதிப்படி கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் தனியாக 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வந்தால் போதும். காதுக்கு ஆடியோகிராம் எடுப்பார்கள்: 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேலும், 3000-ல் 50 டெசிபலுக்கு மேலும் இழப்பு இருக்கக்கூடாது.

மூன்றாவது சாதிச் சான்று. நம் பக்கம் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். பள்ளியில் வாங்கிய எம்பிசி, பிசி அட்டை இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வரவில்லை என்று சொல்லும் ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் தருவார். எட்டு லட்சம் வருமான வரம்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் பெற்றோர் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. மாந்தோப்பும் விவசாய நிலமாகவே கொள்ளப்படும் என்பது போச்சம்பள்ளி, பர்கூர்க்காரர்களுக்கு நல்ல சேதி. ரொம்பப் பெரிய நிலக்காரர்களுக்கு மட்டும் தனி வரம்பு உண்டு. சித்தேரி மலைப் பக்கத்து மலையாளி சமூகத்தாருக்கு எஸ்டி சான்றை தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை இழுக்கும், முன்கூட்டியே போடுங்கள். வயது வரம்பு 27, விண்ணப்பக் கடைசித் தேதி அன்று கணக்கு. ஓபிசிக்கு மூன்று வருடமும் எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து வருடமும் தளர்வு.

இனி தேர்வு. 120 கேள்வி, 120 மார்க், 120 நிமிடம், தப்புக்கு மார்க் குறைப்பு இல்லை. முதல் பாதியில் ஆங்கிலம் 20, ரீசனிங் 15, ஆப்டிடியூட் 15, பொது அறிவு 10. மீதி 60-ம் கணிதமும் இயற்பியலும். டிஎன்பிஎஸ்சி பழக்கத்தில் பொது அறிவுக்கு மூன்று மாதம் கொடுக்கிறவர்கள் பத்தே மார்க்குக்காக மூன்று மாதம் தொலைக்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் நடக்கும் இலவச வகுப்பு முதல் பாதிக்கு உதவும். இரண்டாம் பாதியை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைத் தமிழ்நாடு பாடநூலிலிருந்தே தொடங்குங்கள். 12-ம் வகுப்புக் கணிதத்தின் இரண்டு தொகுதியிலும் சேர்த்து 12 பாடங்கள். அணிகள், கலப்பெண்கள், வெக்டர், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவு இவற்றை முதலில் முடியுங்கள். பிறகு வெக்டர் கால்குலஸ், லாப்லாஸ் இரண்டுக்கும் காலேஜ் முதல் வருட நோட்டை எடுங்கள். இயற்பியலில் ஒளியியல், மின்னியல், குறைக்கடத்தி, அணு இயற்பியல். அதன்பின் 11-ம் வகுப்பு இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும்.

கேள்வித்தாள் தமிழில் வராது. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் அதே புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பாட வரிசை ஒன்றே என்பதால் தேட வேண்டியதில்லை. விளிம்பு விளைவு என்றால் டிஃப்ராக்‌ஷன், தளவிளைவு என்றால் போலரைசேஷன் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் சில நூறு சொற்களில் அடங்கிவிடும். விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் போகும் மார்க்குக்கு வேறு மருந்து கிடையாது.

மார்க் எங்கே நழுவுகிறது என்பதற்கு இரண்டு கணக்கு. சாதாரண ஒளி ஒரு போலரைசர் வழியாகப் போய், அதற்கு 60 டிகிரி சாய்ந்த இன்னொன்றில் விழுகிறது. கடைசியில் வெளிவரும் செறிவு எவ்வளவு? காஸ் 60-ன் வர்க்கம் கால், ஆகவே கால் பங்கு என்று டிக் அடிப்பார்கள். முதல் போலரைசரிலேயே பாதி போய்விட்டது, எனவே எட்டில் ஒன்றுதான் சரி. கால் பங்கு என்பதும் விடைகளில் ஒன்றாக உங்களுக்காகக் காத்திருக்கும். அடுத்து, x(dy/dx) + 2y = x². இன்டகிரேட்டிங் ஃபேக்டர் கேட்டால் 2-ஐப் பார்த்ததும் e²ˣ என்று எழுதுவது வழக்கமான சறுக்கல். முதலில் முழுவதையும் x-ஆல் வகுக்க வேண்டும்; வகுத்தால் விடை x².

குறுக்கு வழியும் உண்டு. முதல் வரிசை 4, 1, இரண்டாம் வரிசை 2, 3 என்று ஓர் அணி தந்து ஐகன் மதிப்பு கேட்டால் சமன்பாடு போட வேண்டாம். மூலைவிட்டக் கூட்டல் 7, டிடெர்மினன்ட் 10. கூட்டினால் 7, பெருக்கினால் 10 வரும் ஜோடி 5, 2. பதினைந்து விநாடி.

தேர்வு அறையில் முதல் பாதிக்கு 45 நிமிடம், இரண்டாம் பாதிக்கு 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் கிடையாது, அதனால் வீட்டிலும் கையாலேயே போடுங்கள். ஒரு கணிதக் கேள்வி இரண்டு நிமிடம் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசிப் பத்து நிமிடம் விட்டதைத் திரும்பப் பார்க்க. தெரியாத 20 கேள்வியைக் காலியாக விட்டால் பூஜ்யம், ஒரே எழுத்தாக அடித்துவிட்டு வந்தால் சராசரியாக ஐந்து கிடைக்கும். மாக் டெஸ்ட் எத்தனை எழுதினோம் என்ற பெருமை வேண்டாம். ஒவ்வொரு தப்புக்குப் பக்கத்திலும் தெரியாது, அவசரம், நேரமில்லை என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். அவசரம் என்பதே அதிகம் என்றால் புதுப் பாடம் படிப்பதை நிறுத்திவிட்டுப் பழைய கணக்கையே மெதுவாகத் திரும்பப் போடுங்கள்.

மையம் சேலம் பக்கம் விழுந்தால் வழியில் தொப்பூர் கணவாய். ஒரு லாரி கவிழ்ந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பெங்களூரு பக்கம் என்றால் அத்திப்பள்ளியிலிருந்தே நெரிசல். முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

எழுத்துத் தேர்வு தாண்டினால் சான்று சரிபார்ப்பு, குரல் சோதனை, உளவியல் சோதனை, போதைப்பொருள் சோதனை, மெடிக்கல். குரல் சோதனைக்கு வெள்ளைக்காரன் மாதிரிப் பேச முயல வேண்டாம். திக்காமல், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல், ஒரே வேகத்தில் வாசிக்க வர வேண்டும். தினமும் பத்து நிமிடம் ஆங்கிலப் பேப்பரைச் சத்தமாகப் படித்துப் போனில் பதிவு செய்து கேளுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தால் போதைப்பொருள் சோதனையில் காட்டும். டாக்டர் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

பயிற்சி முடிந்து மூன்று வருடம் வேலை பார்ப்பதாக ஏழு லட்ச ரூபாய்க்குப் பாண்ட் எழுதித் தர வேண்டும். ஓசூர் ஏர்போர்ட் வந்துவிட்டால் வீட்டுப் பக்கமே வேலை என்று சிலர் நம்புகிறார்கள். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தது உண்மைதான். ஆனால் இது இந்தியா முழுவதும் மாற்றக்கூடிய வேலை. அசாமும் வரலாம், அகமதாபாத்தும் வரலாம். பாண்டில் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.