பழைய டூ-ஸ்ட்ரோக்கைத் திரும்ப வாங்குபவர்களுக்கு

ஒரு காலத்தில் ஓட்டிய டூ-ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் எஞ்சின்) பைக்கின் அதே மாடலைத் தேடி வாங்கும் ஆசை நியாயமானது. அந்தச் சத்தமும் ஆயில் வாசனையும் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால், தயவுசெய்து எடுத்ததும் கிக்கரை உதைக்காதீர்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திச் சுற்றவிடுங்கள். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். அது பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். ஜெட்டைக் கம்பியால் குத்தவேண்டாம், துளை பெரிதாகிவிடும்.

பலரும் கோட்டைவிடுவது கிராங்க் ஆயில் சீலில்தான், அதாவது எஞ்சினின் கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களில். ரப்பர் இறுகிப்போயிருக்கும். மேக்னெட் (மின்சாரம் தரும் பகுதி) பக்கச் சீல் போனால் உள்ளே காற்று இழுக்கும், மிக்சர் லீனாகும் (காற்று கூடி பெட்ரோல் குறையும்), ஆக்சிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் வேகம் இறங்காது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம். கிளட்ச் பக்கச் சீல் போனாலோ கியர் ஆயிலைக் குடித்துப் புகையாகக் கக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எஞ்சினுக்கு ஆயில் தரும் பம்ப் மீது சந்தேகம் இருந்தால், அதைச் சரிபார்க்கும்வரை டூ-டி ஆயிலை லிட்டருக்கு 25 மில்லி வீதம் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுங்கள். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) எவ்வளவு இருந்தாலும், பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.