பி650-ஆ, பி650இ-ஆ?

என் புதுக் கேமிங் கணினிக்குக் கடைசியில் இந்த இரண்டு மதர்போர்டுகள்தான் மிஞ்சின. இரண்டிலும் ஏஎம்டி பிராசஸரைப் பொருத்தும் ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 வகை ராம். பி650இ-இல் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் பிசிஐஇ (கார்டும் போர்டும் தரவு பரிமாறும் இணைப்பு) 5.0, பி650-இல் அதைவிட வேகம் குறைந்த 4.0. விளையாடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

நான் முக்கியமாகப் பார்த்தது பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியின் மேல், சூட்டை வெளியேற்றும் கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா என்று. அப்புறம், பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன். பயாஸ் என்பது கணினியைத் தொடங்க வைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். புது பிராசஸரைப் பழைய பயாஸ் அடையாளம் காணாவிட்டால், சரியான ஃபைலைப் பென்டிரைவில் போட்டு, அதற்கான யூஎஸ்பி போர்ட்டில் செருகி, அந்தப் பட்டனை அழுத்தினால் போதும். பிராசஸர் மாட்டாமலேயே அப்டேட் ஆகிவிடும். நான் பார்த்த பி650-இல் இரண்டுமே இருந்தன. அதையே வாங்கினேன். மிச்சப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது.