டேட்டாபேஸ் தூங்கிருச்சு, லோரி நிக்குது

இலவசத் திட்டத்தில் ஓடும் டேட்டாபேஸை நம்பி வியாபாரம் நடத்துகிறவர்கள் இன்றைக்கே ஒன்றைப் பார்த்து வையுங்கள்: ஒரு வாரம் யாரும் தொடவில்லை என்றால் அது என்ன செய்யும்?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைக் குலை வியாபாரியின் வெப் ஆப்பை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சிறுதோட்டக்காரர்கள் குலை கொண்டு வருவார்கள், லோரி தராசில் ஏறும், எடையும் அன்றைய விலையும் போட்டுச் சீட்டு வரும். அவ்வளவுதான் ஆப். எழுதியது ஜாங்கோவில், தரவெல்லாம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில். முன்பு எழுதிக் கொடுத்தவர் டேட்டாபேஸை ஓர் இலவசத் திட்டத்தில் வைத்துவிட்டு, கணக்கை முதலாளி மகனின் மின்னஞ்சலில் திறந்திருந்தார். மகன் பினாங்கில் படிக்கிறார்.

தீபாவளிக்குக் கடையைப் பூட்டி, ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் திறந்தார்கள். திறந்த அன்று காலையில் கிராணி போன் செய்தார். “தம்பி, சீட்டு வரமாட்டேங்குது. வெளிய லோரி வரிசையா நிக்குது.” உள்ளே போய்ப் பார்த்தால், பயன்பாடு இல்லாததால் டேட்டாபேஸ் நிறுத்தப்பட்டதாம். எச்சரிக்கை மின்னஞ்சல் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது, பினாங்குக்கு. எழுப்பும் பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உதவிப் பெட்டியில் கேட்டதற்கு, “உங்கள் திட்டத்தில் நேரடி உதவி இல்லை, இந்தப் பக்கத்தைப் படியுங்கள்” என்று ஓர் இணைப்பு வந்தது. கிராணி மேசைக்கடியிலிருந்து பழைய கார்பன் புத்தகத்தை எடுத்துக் கையாலேயே சீட்டு எழுதினார். மத்தியானத்துக்கு முன் டேட்டாபேஸ் எழுந்துவிட்டது. அந்தக் கைச்சீட்டுகளையெல்லாம் உள்ளே ஏற்றியது தனிக்கதை.

எல்லாத் தூக்கமும் ஒன்றல்ல. நியான் போன்ற டேட்டாபேஸ் சேவைகள் ஐந்து நிமிடம் வேலை இல்லாவிட்டால் அடங்கும், ஆப்பிலிருந்து தரவு கேட்டு அடுத்த கேள்வி வந்ததும் தானே எழும். முதல் ஆளுக்கு மட்டும் கொஞ்சம் தாமதம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் எழும் என்கிற வகையைத்தான் வியாபாரத்துக்குத் தொடக்கூடாது.

“காசு குடுத்தாவது உருப்படியா ஒண்ணு பாருப்பா” என்றார் முதலாளி. தேடல் அப்படித்தான் தொடங்கியது.

எங்கே வைப்பது என்பதில் விற்பனை ஆள் ஒருவர் பாடாய்ப் படுத்தினார். அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே ரீஜன் (சர்வர் கூடங்கள் இருக்கும் வட்டாரம்) திறந்துவிட்டது, இனிச் சிங்கப்பூர் எதற்கு என்று ஒரே பிடி. ஆப் ஓடும் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே ரீஜனில் இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். ஆப் சிங்கப்பூரில், டேட்டாபேஸ் அமெரிக்காவில் என்று வைத்தால் ஒரு கேள்வி போய்வர 200 மில்லிநொடி பக்கம் ஆகும். எங்கள் தினக்கணக்குப் பக்கம் 30 கேள்வி கேட்கும். ஆறு விநாடி போச்சு. சில நிறுவனங்களின் பதிவுப் பக்கம் அமெரிக்காவையே முன்கூட்டித் தேர்ந்து வைத்திருக்கும், கவனம். தோட்டக்காரர்களின் அடையாள அட்டை எண் இருக்கிறதே, வெளிநாட்டில் வைக்கலாமா என்றும் பார்த்தோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்பட்ட 129ஆவது பிரிவு 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது ஒரேயடியாகத் தடுப்பதில்லை, நிபந்தனைகள் வைக்கிறது. படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அதிகம் மினக்கெட்டது பேக்கப்பில்தான். “தினசரி பேக்கப் உண்டு” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். திரும்ப எடுத்துக் காட்டு என்று கேட்டால்தான் வண்டவாளம் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் எங்கள் தரவின் நகலை ஏற்றி, வேண்டுமென்றே சீட்டு அட்டவணையை அழித்து, பத்து நிமிடத்துக்கு முந்தைய நிலைக்குப் போகச் சொன்னேன். ஒரு நிறுவனத்தில், நாங்கள் பார்த்த திட்டத்தில் அதை நாமே செய்ய முடியாது, உதவி கேட்டு டிக்கெட் போடவேண்டும். பதில் அவர்கள் ஊர் அலுவலக நேரத்தில்தான் வரும், அதாவது நமக்கு நடுராத்திரி. பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன்.

கடைசியில் அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ், சிங்கப்பூர் ரீஜன். ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை எந்த நொடிக்கும் திரும்பலாம், 35 நாள் வரை பின்னோக்கி. ஆனால் பழைய டேட்டாபேஸ் மேலேயே அது எழுதாது. புதிதாக இன்னொன்றை வேறு முகவரியில் எழுப்பும். அதனால் முகவரியை நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள், வெளியே அமைப்பு மாறியில் (நிரலைத் தொடாமல் மாற்றக்கூடிய மதிப்பு) வையுங்கள். புதியதற்கு ஃபயர்வால் விதிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அழித்த சீட்டுகள் கடைசி எண் வரை திரும்பி வந்ததைக் கிராணிக்குக் காட்டினேன். “சரி, ஆனா கார்பன் புத்தகம் இங்கயேதான் இருக்கும்” என்றார்.

விலைப்பட்டியலை நம்பி முதலாளியிடம் தொகை சொல்லிவிடாதீர்கள். ஒன்று விழுந்தால் கைகொடுக்க இன்னொரு ஸோனில் (அதே ரீஜனுக்குள் தனியாக இருக்கும் கூடம்) மாற்று டேட்டாபேஸ் வேண்டுமென்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. எங்களுக்கு அது வேண்டியதில்லை, அரைமணி நேரம் நின்றால் கார்பன் புத்தகம் இருக்கிறது. இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபிவி4 முகவரி வைத்தால் மணிக்கு 0.005 டாலர், மாதம் 3.65 டாலர் பக்கம். டிஸ்க் அளவைக் கூட்டலாம், நேரடியாகக் குறைக்க முடியாது, ஆகவே சின்னதாகத் தொடங்குங்கள். விடுமுறையில் நிறுத்தி வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்றால், ஏழு நாளில் அது தானாக ஓடத் தொடங்கிவிடும். நின்றிருக்கும்போதும் டிஸ்க்குக்குக் காசு உண்டு. இதற்கு மேல் 8 விழுக்காடு சேவை வரி.

காசு கட்டுவதில் இன்னொரு கூத்து. முதலாளியின் டெபிட் கார்டு ஏறவே இல்லை. வெளிநாட்டு இணையப் பரிமாற்றத்தை முடக்கியே வைத்திருப்பார்கள், நாம் கேட்டுத் திறக்கவேண்டும். பேங்க் கவுண்டரில் இருந்தவர், “என்ன சாமான் வாங்குறீங்க?” என்றார். டேட்டாபேஸ் என்றோம். “எந்த நாட்டிலேர்ந்து அனுப்புவாங்க?” முதலாளி என்னைப் பார்த்தார். கடைசியில் பேங்கின் போன் ஆப்பிலேயே ஒரு பொத்தான் இருந்தது. ஈப்போ வரை போயிருக்க வேண்டியதே இல்லை.

கனெக்‌ஷன் எண்ணிக்கையையும், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு தாங்கும் என்பதையும், பாருங்கள். போஸ்ட்கிரஸ் இயல்பாக 100 தரும், அதில் 3 நிர்வாகிக்கு. சின்ன அளவு டேட்டாபேஸில் இதைவிடக் குறையும். எங்களைப் போல ஒரே சர்வர் என்றால் கவலையில்லை. சர்வர்லெஸ் ஆட்கள் (நிலையான சர்வர் இல்லாமல், தேவைப்படும்போது மட்டும் நிரலை எழுப்பி ஓட்டுகிறவர்கள்) இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்ஸர் மாதிரி ஒன்றை நடுவில் வைக்காமல் போகாதீர்கள்.

பராமரிப்பு நேரத்தை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், கேட்பார்கள். அதிகாலை 2 மணிதானே என்று 02:00 போட்டால் இங்கே காலை 10, தராசில் லோரி ஏறும் நேரம். நாங்கள் 18:00 போட்டிருக்கிறோம், அதுதான் இங்கே அதிகாலை 2. கணக்கின் மின்னஞ்சலும் இப்போது கடைப் பெயரில்தான், கிராணியின் போனிலும் அது திறக்கும்.