பெட்டி கட்டும் வாரம்

வீடு மாறப் போகிறோம். பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே கோப்பில், என் கைப்பையில். அது மட்டும் லாரியில் ஏறாது!

சின்னவள் தன் பொம்மைகளைத் தானே பெட்டியில் அடுக்குகிறாள், அப்புறம் பிரித்து விளையாடுகிறாள். பெரியவன்தான் பேசவே மாட்டேன் என்கிறான். நண்பர்களை விட்டுப் போகும் கோபம். நியாயம்தானே? "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேற்று இரவு ஜெபத்தில் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 21ஆம் அதிகாரம் வாசித்தோம். ஆபிரகாமின் வீட்டிலிருந்து அனுப்பிவிடப்பட்ட அடிமைப்பெண் ஆகார் மகனோடு வனாந்தரத்தில் நிற்கிறாள், துருத்தியில், அதாவது தோல் பையில், தண்ணீர் தீர்ந்துவிட்டது. சத்தமிட்டு அழுதவள் அவள். ஆனால் தேவன் கேட்டது பிள்ளையின் சத்தத்தை என்றுதான் எழுதியிருக்கிறது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் எனக்கு இந்த இடம் எப்போதும் பெரிய ஆறுதல். என் ஜெபம் வறண்டுபோகிற நாளிலும் என் பிள்ளைகளின் சத்தம் தனியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

"அப்போ நான் இங்கேயே இருக்கணும்னு கேட்டா?" என்றான் பெரியவன். கேளு, என்னிடம் சொல்லாததையும் அவரிடம் சொல்லு என்றேன். ரொம்ப நேரம் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை சாமான் ஏற்ற ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஜெபிக்க மட்டும் முடியும் என்றாலும் சரி.